மேல் மூடியை முதலில் திற

மார்ச் 3

தம்பிக்கு,

போனில் கூப்பிடாமல் கடிதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நீ என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சிரித்த பிறகு கோபப்பட எனக்குத் தெரியாது. அதனால்தான் உன் போனை எடுக்கவில்லை, இனிமேலும் எடுக்கப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் எழுது. எழுத்தில் உன் பல் தெரியாது.

பாப்பாவுக்கு வேலை கிடைத்ததற்கு நீ கொடுத்த வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அன்றைக்கு சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, சாவியை அவள் கையில் வைத்து என்ன சொன்னாய்? "மருமகளே, செயினே இல்லாத வண்டி. துணியில ஒரு பொட்டு மசி ஒட்டாது. மேட்டுத் தெருவுக்கு வீடு வீடா ஏறி ரத்தம் எடுக்கப் போறவ, மகாராணி மாதிரி போ!" எல்லோரும் கை தட்டினார்கள். நான் மூக்கைச் சிந்தினேன். நினைத்தால் இப்போது எரிகிறது.

பின்சக்கரத்துப் பெட்டியில் எண்ணெய் மாற்றும் காலம் தாண்டிவிட்டது என்று பாப்பா சொன்னாள். எஞ்சினிலிருந்து ஒரு இரும்புத் தண்டு பின்னால் போய், சக்கரத்துக்குப் பக்கத்தில் உருண்டையாக இருக்கிற பெட்டிக்குள் நுழைகிறதே, அதற்குள் ஓடுகிற பல்சக்கரங்களுக்கான எண்ணெய். கடையில் விடலாம் என்றாள். "எதுக்குடி கடை? வயசுக்கு வந்ததுல இருந்து தையல் மெஷினைப் பிரிச்சு மாட்டுறவ நான். இது அதுக்குப் பெரியப்பா, அவ்வளவுதானே" என்றேன். ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனால் படம் போட்ட புத்தகம் கையில் இருந்தால் எனக்கு எவன் தயவும் வேண்டாம்.

அப்படிப்பட்டவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உன் பேச்சைக் கேட்டேன். "கீழ இருக்கிற போல்ட்டைக் கழட்டுக்கா, வடியட்டும். மேல ஊத்து. முடிஞ்சுது. பச்சைப் பிள்ளைகூடப் பண்ணும்" என்றாய்.

பாப்பா தெருவை ஒரு சுற்றுச் சுற்றி எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, அடியில் பழைய பெயிண்ட் டப்பாவை வைத்தோம். ரத்தம் எடுக்கும்போது போடுகிற கையுறையை எனக்கு நீட்டினாள். "ஊசி குத்திக் காய்ச்சுப்போன கைக்கு உறை எதுக்கு?" என்று தள்ளிவிட்டேன். அந்தத் திமிருக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

கீழ் போல்ட் கழன்றது. சொட்டு வரவில்லை. சோபா தைக்கிற நீள ஊசியை எடுத்து உள்ளே குத்தினேன். ஒரு குமிழி எட்டிப் பார்த்தது. அப்புறம் வந்தது பார். எண்ணெய் ஊற்றின இடத்திலிருந்து எண்ணெய்தானே வரவேண்டும்? கறுப்புக் கூழ் வந்தது. கட்டி கட்டியாக, சளி மாதிரி இழுத்துக்கொண்டு, பொத்துப் பொத்தென்று டப்பாவில் விழுந்தது. அழுகின முட்டையை ரப்பரோடு சேர்த்துக் கொளுத்தினால் எப்படி நாறுமோ அப்படி. கியர் எண்ணெய் கொஞ்சம் நாறத்தான் செய்யும் என்று எனக்கும் தெரியும். இது நாற்றத்தின் மேல் ஏறி உட்கார்ந்த நாற்றம். பாப்பா தினமும் ஊரார் கழிவை டப்பியில் வாங்கி வருகிறவள், அவளே மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போனாள்.

கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றலாம் என்று மேல் மூடிக்கு வந்தால், அது அசையவில்லை. ஸ்பேனர் வழுக்கி என் முட்டியைப் பெயர்த்தது. உற்றுப் பார்த்தால் மூடியைச் சுற்றி மஞ்சளாகப் பசை. யாரோ ஒட்டியிருக்கிறான். அப்போதுதான் புத்தகத்தைத் திறந்தேன். முதல் வரியே, மேல் மூடி திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் இருந்ததை வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் நிற்கிறேன். கடைசியில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி மூடி மேல் வைத்து அழுத்தினேன். பசை பொரிந்து, புகைந்து, முனகிக்கொண்டு மூடி திரும்பியது. அந்த இஸ்திரிப் பெட்டியை இனி எந்தத் துணி மேல் வைப்பேன்?

"பழைய எண்ணெய் அப்படித்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பாப்பா குளிக்கப் போனாள். எனக்கு மனசு ஆறவில்லை. கூழில் ஒரு கரண்டி எடுத்து மண்ணெண்ணெயில் அலசி, காகிதத்தில் பரப்பி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன். இன்று அதை விரலில் தேய்த்துப் பார்த்தேன். என் தையல் கடைக்கும் சோபாவுக்குச் சட்டம் அறுக்கிற பட்டறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தத் தூளைத்தான் காலம் பூராவும் மூச்சாக விடுகிறேன்.

அது மரத்தூள்டா.

இரும்புப் பல் ஓடுகிற பெட்டிக்குள் மரத்தூள் எப்படிப் போனது? பழைய வண்டி வாங்கி விற்பதுதானே உன் தொழில்? உனக்குத் தெரியும். எழுது.

சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை தோல் உரிந்துவிட்டது. நாற்றம் போகவில்லை. சாப்பாட்டில் கை வைத்தால் முதல் வாயோடு அதுதான் உள்ளே போகிறது. நான் கரண்டியால் சாப்பிடுகிறேன். நீ கொடுத்த பரிசு.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதாசியைப் படித்து நானும் என் வீட்டுக்காரியும் விழுந்து விழுந்து சிரித்தோம். இஸ்திரிப் பெட்டியால் மூடி கழற்றின ஒரே ஆள் இந்த உலகத்தில் நீதான். உன்னை என் பழைய வண்டி யார்டில் மேஸ்திரியாகப் போட்டால் நான் காலாட்டிக்கொண்டு உட்காரலாம்.

அக்கா, பதறாதே. நாள்பட்ட எண்ணெய் கூழாகத்தான் இருக்கும். மூடியில் பசை போடுவது ஒழுகாமல் இருக்க. மரத்தூள் விஷயம், நான் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. உன் முந்தானையை உதறினாலே ஒரு கைப்பிடித் தூள் விழும். சின்ன வயதில் உன் மடியில் படுத்தால் எனக்குத் தும்மல் வரும் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். குனிந்து வேலை பார்த்தபோது உதிர்ந்திருக்கும். அதில் என்ன அதிசயம்?

நல்ல எண்ணெயாக ஊற்றி மூடிவிடு. அளவு தாண்ட வேண்டாம். மேல் துளையின் விளிம்பு வரைக்கும் வந்தால் போதும். பழைய அலுமினிய வாஷரை எறிந்துவிட்டுப் புதிது போடு. வண்டி முன்னைப் போலப் பூனை மாதிரி ஓடும்.

பாப்பாவிடம் இதையெல்லாம் பெரிதாக்காதே. குழந்தை ஆசையாக ஓட்டுகிறாள். அவளை நான் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன்.

கோபத்திலும் அழகாக எழுதுகிறாய்.

உன் தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

பேசிக்கொள்கிறேன் என்றாய், பேசியும்விட்டாய். என்ன பேசினாய் என்பது நேற்று தெரிந்தது.

பெட்டியைக் கழுவி, நீ எழுதினபடியே புது வாஷர் போட்டு, புது எண்ணெயை விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். தூள் போனதும் உன் பூனையும் போய்விட்டது. பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் கல்லை மெல்லுகிற மாதிரி ஒரு கரகரப்பு. சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினால் டக் டக்கென்று ஆடுகிறது. ஓட்டினால் ஊளையிடுகிறது. இத்தனை நாளும் இந்த ஊளையைத்தான் அந்தத் தூள் அமுக்கிவைத்திருந்தது.

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். காதை வைத்துக் கேட்டார். "பேரிங் போயிடுச்சும்மா. பல்லும் தின்னிருக்கு. ஒருநாள் உள்ளேயே இறுகிடும். இறுகினா பின்சக்கரம் சுத்தாது. மேட்டு ரோட்டு வளைவுல அப்படி ஆச்சுன்னா…" கையைத் துடைத்துக்கொண்டார்.

பாப்பாவிடம் சொன்னேன். அவள் என்னை எப்படிப் பார்த்தாள் தெரியுமா? "நீ பிரிச்ச, அதான் கத்துது. மாமா குடுத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு? உன் சேலைத் தூள் உள்ள விழுந்து கெட்டுப்போச்சும்மா. மாமாவே சொன்னாரு."

மாமாவே சொன்னாரு.

சீ. டப்பாவில் விழுந்த கூழைக்கூட நான் கண் திறந்து பார்த்தேன். உன் கடிதாசியைத் திரும்பப் படிக்க முடியவில்லை. உன் மரத்தூளை என் முந்தானையில் கட்டிவிட்டாயே, உனக்கு வயிறு புரட்டவில்லையா? என் மடியில் படுத்த கதையை வேறு எழுதுகிறாய். மடியில் படுத்த வாயால்தானே இதைச் சொன்னாய்?

ஒரு சாவியை என் தையல் மெஷின் டிராயரில் பூட்டினேன். நீதான் தாராளப் பிரபுவாயிற்றே, இரண்டு சாவி கொடுத்திருக்கிறாய். இன்னொன்று அவளிடம். அந்த ஊளையோடேயே ஓட்டிக்கொண்டு மேட்டுத் தெரு போகிறாள். மெக்கானிக் சொன்னதைச் சொன்னால், "அவருக்கு வேலை வேணும், எல்லா வண்டியையும் அப்படித்தான் சொல்வாரு" என்கிறாள். காலையில் அவள் கிளம்பிப் போனால், திரும்பி வருகிற ஊளைச் சத்தம் தெருவில் கேட்கும்வரை என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அந்தச் சத்தத்தையா கேட்கக் காத்திருக்கிறேன் என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீ சொன்னால்தான் நம்புவாள். அந்த வண்டியை விட்டு இறங்கச் சொல். ஏன் இறங்க வேண்டும் என்பதையும் சொல். உன் வாயால் சொல்.

இத்துடன் ஒரு பொட்டலம். காயவைத்த தூள். மோந்து பார்.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலம் சாப்பாட்டு மேசை மேலேயே பிரிந்துவிட்டது. என் வீட்டில் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். வேண்டுமென்றுதான் அனுப்பினாய், சரி.

முதலில் நல்ல செய்தி. பாப்பாவைக் கூப்பிட்டு ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து பஸ்ஸில் போவாள். உன் ஊசியில் நூல் கோத்துக்கொள்.

இப்போது உனக்கு மட்டும். என் யார்டில் ஒருவன் இருக்கிறான். வண்டி வந்ததும் அதன் மேல் காதை வைத்துக் கேட்பான், அதனால் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். சத்தம் போடுகிற பெட்டி வந்தால் அவன் கைப்பிடித் தூளை எண்ணெயில் குழைத்துப் போடுவான். நான் சொல்லி அவன் செய்வதில்லை. அது அவன் பழகின பழக்கம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். போட்டோ எடுக்கப் போகும்போது முகத்துக்குப் பவுடர் போடுவதில்லையா? அந்த மாதிரி. வாங்குகிறவன் பத்து நாளில் எப்படியும் கடையில் விட்டுச் சரிபண்ணிக்கொள்வான்.

பாப்பாவுக்கு என்று வரிசையில் இருந்ததிலேயே பளபளவென்று இருந்த வண்டியைத்தான் எடுத்தேன். இதற்குள் பவுடர் இருக்குமா என்று யோசிக்கவில்லை. இருக்கலாம் என்று தோன்றியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில், அந்த மகிழ்ச்சியில், யாருக்கு ஞாபகம் வரும்?

அதை விடு. நல்ல பின்பெட்டி ஒன்றை லாரியில் அனுப்புகிறேன். "நம்மகிட்ட இருக்கிறதுலயே நல்லதை எடுத்துக் கட்டு, என் மருமகளுக்கு" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சக்கரத்தைக் கழற்றி, பழைய பெட்டியின் நட்டுகளை எடுத்தால் தண்டிலிருந்து உருவிக்கொண்டு வரும். தண்டின் பல்லில் கிரீஸ் தடவிப் புதிதைச் செருக வேண்டும். உனக்கு அது ஒரு வேலையா?

பாப்பாவிடம், அம்மா பிரித்ததில் கொஞ்சம் கோளாறாகிவிட்டது, மாமா புதிது அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உன் பெயர் கொஞ்சம் அடிபடும். அக்காதானே, தாங்கிக்கொள்வாய். அவள் முகத்தில் நான் மாமாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அதை மட்டும் கெடுத்துவிடாதே. அவளும் என் சின்னக்குட்டியும்தான் என்னைப் பெரிய மனுஷன் என்று நினைக்கிற ஆட்கள்.

உன் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

உன் பெட்டி வந்தது.

சாக்கில் சுற்றி, அதன் மேல் பூப்போட்ட ரிப்பன். பாப்பா கை தட்டிக்கொண்டே பிரித்தாள். "பாத்தியா, நீ கெடுத்ததுக்கு மாமா அனுப்பியிருக்காரு. நீ அவரு போனைக்கூட எடுக்க மாட்டேங்குற." அவள் பஸ்ஸில் போகிறாள், உயிரோடு வருகிறாள், அது போதும் என்று இருந்தேன். நீ சொன்ன மாதிரி தாங்கிக்கொண்டேன்.

மாட்டுவதற்கு முன்னால் அதில் இருக்கிற பழைய எண்ணெயை வடித்துவிடலாம் என்று உட்காரப் போனேன். பாப்பா தடுத்தாள். "நீ அங்க போய் உக்காரும்மா. இந்த முறை நான் பண்றேன். மறுபடி உன் சேலைத் தூள் விழுந்துச்சுன்னா?"

துவைக்கிற கல்லிலிருந்து தள்ளிப்போய், வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளை அசுத்தம் என்று ஒதுக்கிவைத்த மாதிரி. அவள் தரையைக் கழுவித் துடைத்தாள், புதுக் கையுறை போட்டுக்கொண்டாள், நோயாளி கையைத் துடைக்கிற மாதிரி அந்தப் பெட்டியைப் பஞ்சால் துடைத்தாள். "மேல் மூடி முதல்ல" என்று அங்கிருந்தே சொன்னேன். "தெரியும்" என்றாள்.

மூடியைச் சுற்றி மஞ்சள் பசை. அதே பசை.

எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பவும் வாளி மேல் உட்கார்ந்தேன். அவள் அழுத்தினாள். அதே புகை. மூடி திரும்பினது. விரலை உள்ளே விட்டாள். எடுத்தாள்.

ரத்தம் உறைந்துபோனால் அவள் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அப்படித்தான் அந்த விரலைப் பார்த்தாள். கறுப்பாக, திட்டுத் திட்டாக, நுனியிலிருந்து நூலாக இறங்கியது. கட்டை விரலால் நசுக்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். ஊரார் கழிவைச் சுமக்கிறவள் எழுந்து ஓடிப்போய்ச் சாக்கடையோரம் குனிந்தாள். முதுகைத் தடவப் போனேன். "கிட்ட வராதம்மா" என்றாள். அது என் மேல் உள்ள அருவருப்பு இல்லை. என் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னது.

வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து நின்றாள். "மாமாவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும் என்றும் சொல்லவில்லை. உனக்காகப் பொய் சொல்லக் கூசியது. உண்மை சொல்லவும் எனக்கு நா எழவில்லை. "கேட்டு எழுதுறேன்" என்றேன்.

கேட்கிறேன். தெரியுமா?

அடேய், நான் முதலில் கோபப்பட்டேன். அப்புறம் பயந்தேன். இப்போது இரண்டும் இல்லை. உன் கையெழுத்தைப் பார்த்தாலே குமட்டுகிறது. திருடன் மாட்டிக்கொண்டால் கொஞ்ச நாளாவது கையைக் கட்டிக்கொண்டு இருப்பான். நீ மாட்டிக்கொண்ட கையோடேயே அதே கூழை ரிப்பன் கட்டி அனுப்புகிறாய். தெரிந்து அனுப்பினாயா, தெரியாமல் அனுப்பினாயா? தெரிந்து அனுப்பியிருந்தால் நீ மனுஷன் இல்லை. தெரியாமல் அனுப்பியிருந்தால், உன் யார்டில் எது நல்லது எது கெட்டது என்று உனக்கே தெரியாது என்று அர்த்தம். எது அசிங்கம் என்று நீயே சொல்.

பவுடர் என்றாயே. பத்து நாளில் கடையில் விட்டுச் சரிபண்ணிக்கொள்வான் என்றாயே. உன் மருமகள் விட்டாளா? சத்தமே இல்லாத வண்டியை எவன் கடையில் விடுவான்?

அக்கா


மார்ச் 24

அக்கா,

அந்தப் பெட்டியைத் தெரியாமல்தான் அனுப்பினேன். நீ நம்ப வேண்டும் என்று எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதாசியை எடுத்துக்கொண்டு நேராக யார்டுக்குப் போனேன். டாக்டரின் சட்டையைப் பிடித்தேன். "நல்லதைத்தானே அனுப்பச் சொன்னேன்? என் மருமகளுக்குன்னு சொன்னேனா இல்லையா?" அவன் பயப்படவில்லை அக்கா. சிரித்தான். "அண்ணே, சத்தம் இல்லாத பெட்டிதான் நமக்கு நல்ல பெட்டி. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. தூள் போடாத பெட்டி இங்க எது இருக்கு? உங்க வண்டியிலகூடத்தான் போட்டேன்."

என் வண்டி. எனக்குப் புரியவில்லை. "என் வண்டியிலயா?" என்று கேட்டேன்.

"மழைக்கு முன்னாடி ஒருநாள், பின்னால லேசா சத்தம் வருது, சரி பண்ணுடான்னு சாவியைக் குடுத்தீங்களே. சாயங்காலம் எடுத்துட்டுப் போகும்போது, கைராசிக்காரன்டா நீன்னு தோளைத் தட்டினீங்களே அண்ணே."

தட்டினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

செயின் இல்லாத அந்த வண்டியில்தான் தினமும் சின்னக்குட்டியை முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறேன். மேம்பாலம் இறங்கும்போது "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று பெட்ரோல் டேங்கைத் தட்டுவாள். சத்தமே இல்லாமல் இறங்கும். நானும் வேகமாக இறக்குவேன்.

வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று கேட்டார்கள். வாசலில் நிறுத்தி, நீ எழுதினபடி மேல் மூடியை முதலில் எடுத்தேன். என் வீட்டு இஸ்திரிப் பெட்டியும் பாழ். விரலை விட்டேன்.

நாற்றத்தைப் பற்றி நீ எழுதினதெல்லாம் மிகைப்படுத்தல் என்று நினைத்திருந்தேன். யார்டில் இத்தனை வருஷம் இருக்கிறேன், அந்த நாற்றம் என் மூக்கில் பட்டதே இல்லை. அது டாக்டரின் கையில் இருக்கிற நாற்றம், என் கையில் இருப்பது சாவிக்கொத்து என்று இருந்துவிட்டேன். சின்னக்குட்டி பக்கத்தில் வந்து நின்றாள். "என்னப்பா அது, சீ!" என்றாள். விரலைப் பின்னால் மறைத்தேன். அவள் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து பார்த்தாள்.

உள்ளே போய் வாந்தி எடுத்தேன். என் வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள். என்ன என்று கேட்டாள். அவளிடம் சொன்னேன். அப்புறம் அவள் என்னோடு பேசவில்லை.

பாப்பாவுக்குப் பின்பக்கத்தில் நாலு வரி எழுதியிருக்கிறேன். நீயும் படி. மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டாளே, அதற்குப் பதில். சாவி கொடுத்த அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இல்லை என்று எழுதியிருக்கிறேன். சேலையில் ஒட்டின தூள் என்று சொன்னதும் நான் கட்டின பொய் என்று எழுதியிருக்கிறேன். வேறு எதுவும் எழுத வரவில்லை. வேறு எது எழுதினாலும் விற்கிற மாதிரியே இருந்தது, கிழித்துப் போட்டேன்.

இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. யார்டைப் பூட்டிவிட்டேன்.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

பாப்பா படித்தாள். நின்றுகொண்டே படித்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள். அழவில்லை, திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் சேலை முந்தானையை எடுத்து உதறினாள். தூள் பறந்தது. "உன்னைத் தள்ளி உக்கார வச்சேனேம்மா" என்றாள். அவ்வளவுதான். நான் தையலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

உன்னை அவள் இன்னும் மாமா என்றுதான் சொல்கிறாள். ஆனால் முன்பெல்லாம் சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

யார்டைப் பூட்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பூட்டினால் ஆயிற்றா? உள்ளே நிற்கிற வண்டி பூட்டில் இருக்கும். வெளியே போனது? எத்தனை பேர் உன் தூளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருக்கிறார்களோ. யார் யாருக்குக் கொடுத்தாய் என்று உனக்கு மறந்திருக்கலாம். தோளைத் தட்டினாயே அந்த டாக்டருக்கு மறந்திருக்காது. இருவருமாக வீடு வீடாகப் போங்கள். பாப்பா ரத்தம் எடுக்கப் போகவில்லையா? கதவைத் தட்டி, உங்கள் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வையுங்கள், நான்தான் கெடுத்துக் கொடுத்தேன் என்று சொல். காறித் துப்புவார்கள். துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போ.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் வருகிறோம். இது அவள் முடிவு, என் முடிவு இல்லை. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஸ்பேனரும் கையுறையும் எடுத்துவைத்துவிட்டாள். யார்டில் நிற்கிற அத்தனை வண்டியின் மூடியையும் அவள் கண் முன்னால் நீ திறக்க வேண்டுமாம். டாக்டர் இல்லை, நீ. திறந்ததில் எது நல்லது என்று அவள் சொல்லுவாள். ஒன்றுகூடத் தேறாது என்று நினைக்கிறேன்.

உன் வீட்டில் நான் சாப்பிட மாட்டேன். எங்களுக்கும் உன் வீட்டுக்காரிக்கும் சின்னக்குட்டிக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறேன். உனக்கும் கொஞ்சம் இருக்கும். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. சமைக்கும்போது அளவு தெரியாமல் உலை வைத்துப் பழகின கை.

சோப்புத் தூள் நிறைய வாங்கி வை. தேங்காய் நாரும் வை. எத்தனை தேய்த்தாலும் அந்த நாற்றம் லேசில் போகாது. கொஞ்ச நாளைக்கு நீயும் கரண்டியால் சாப்பிடு.

அக்கா